அத்தையின் அப்புறங்கள்

எட்டாம் காம்பரா அத்தைக்கு எந்த விஷயத்தையும் அது இருக்கும் இடத்தில் விட்டுவைக்கத் தெரியாது. "இன்னைக்கு இத விட்டா" என்று ஆரம்பிப்பாள். அப்புறம், அப்புறம் என்று நாலைந்து படி இறங்குவாள். இறங்கி முடிக்கும்போது யாருடைய குடும்பமாவது நடுத்தெருவில் நிற்கும், இல்லையென்றால் தேயிலைத் தோட்டத்தையே மூடியிருப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவள் மட்டும் அந்தக் கடைசிப் படியில் இன்னும் கொஞ்ச நேரம் தனியாக நின்றுகொண்டிருப்பாள்.

எனக்கு அவள் உறவு ஒன்றும் இல்லை. தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எட்டுக் காம்பரா, குடும்பத்துக்கு ஒன்று, எட்டுக்கும் ஒரே கூரை. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டிலிருந்து மருந்து சொல்வார்கள். அப்படி வந்த அத்தை. பூனாகலைக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய டிவிஷன் எங்களுடையது. நாங்கள் இரண்டாம் காம்பரா. லயம் சரிவில் இருந்ததால் முதல் காம்பரா மேட்டிலும் எட்டாவது பள்ளத்திலும் இருக்கும். மேலே இருப்பவர்கள் ஊற்றும் தண்ணீரெல்லாம் கடைசியில் அத்தை வீட்டுப் பின்புறமாகத்தான் போய் விழும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும்.

மூன்றாம் காம்பராவில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்காமல் அத்தையின் கறிவேப்பிலை மரத்தில் ஒரு கொத்தை ஒடித்துவிட்டாள். அத்தை அவளை நிறுத்தி வைத்து ஆரம்பித்தாள். இன்றைக்குக் கொத்து, நாளைக்குக் கிளை, அப்புறம் மரம். மரம் போனால் வேலிக்கு என்ன வேலை? வேலி போனால் மாடு வரும். மாடு வந்தால் உன் அப்பனுக்கும் எனக்கும் சண்டை. சண்டை வந்தால் பொலிஸ். பொலிஸ் என்றதும் பிள்ளை ஓவென்று அழுதுவிட்டது. அத்தை பதறிப்போய் இன்னும் இரண்டு கொத்து ஒடித்து அதன் கையில் திணித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு அனுப்பினாள். பொலிசிலிருந்து மறுபடி கறிவேப்பிலைக்கு வர அவளுக்கு அரை நிமிடம் போதும்.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். நான் பதுளையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவையியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். எது சரியான நியாயம், எது நியாயம் போல வேஷம் போடுவது என்று பிரித்துக் காட்டுவது என் வேலை. வேஷம் போடுவதற்குப் போலி என்று பெயர். போலிகளில் ஒன்று வழுக்கும் சரிவு. முதல் அடி வைத்தால் கடைசிப் பள்ளம் வரை போயே தீர வேண்டும், நடுவில் கால் ஊன்ற இடமே இல்லை என்று பயமுறுத்துவது. மற்றப் போலிகளுக்கு உதாரணம் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். இதற்கு மட்டும் தேடியதே இல்லை. எங்கள் லயத்தில் ஒரு அத்தை இருக்கிறாள் என்று ஆரம்பித்து, கறிவேப்பிலை பொலிஸ் வரை போன கதையைச் சொல்வேன். வகுப்பே குலுங்கும். ஒரு வருடத்துப் பிள்ளைகள் அதற்கு ‘அத்தைப் போலி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பரீட்சையில் அப்படி எழுதித் தொலைக்காதீர்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது அந்தப் பாடம் நெருங்கினாலே எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

ஆனால் அத்தையைத் தூக்கி வைத்தும் பேச மாட்டேன். அவளுடைய அப்புறங்களால் கெட்டதும் உண்டு.

மாமா சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகள். அந்த மகள் ஒரு போன் கேட்டு மூன்று வருடம் கெஞ்சினாள். கூடப் படித்த எல்லோரிடமும் இருந்தது. அத்தை அசையவில்லை. போன் வந்தால் மிஸ்ட் கோல் வரும், மிஸ்ட் கோல் வந்தால் எவனாவது வருவான், வந்தவன் கூட்டிக்கொண்டு போவான், போனவள் கைப்பிள்ளையோடு தனியாகத் திரும்பி வருவாள். அந்தப் பிள்ளை ஒரு சிநேகிதியோடு பேச வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்கு வந்து என் தம்பியின் போனைத்தான் இரவல் கேட்கும், அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல். பதுளையில் ஒரு தையல் பயிற்சிக்குத் தெரிவாகியிருந்தாளாம். கூப்பிட்ட அழைப்பு எந்த நம்பருக்குப் போனதோ, அவளுக்கு வந்து சேரவில்லை. அதற்கு அவள் அழுத அழுகை எனக்குத் தெரியும், எங்கள் குசினியில் அடுப்பு முன்னால் உட்கார்ந்துதான் அழுதாள்.

கடைசியில் என்ன நடந்தது? பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் ஆட்டோக்காரனோடு போய்விட்டாள். தினமும் காலையில் அரை றாத்தல் பாண் வாங்கிவரச் சொல்லி அனுப்பியதே அத்தைதான். போனும் இல்லை, மிஸ்ட் கோலும் இல்லை. முதல் படியை அத்தை அடைத்து வைத்திருந்தாள், மகள் நேரே கூட்டிக்கொண்டு போகும் படியில் போய் நின்றுவிட்டாள். லயம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும்தான், வகுப்பில் இது இரண்டாவது உதாரணம்.

அத்தை இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கையில் ஒரு பையோடு பஸ்சுக்குக் கிளம்பி நிற்கிறாள். மாப்பிள்ளை வீடு வெலிமடைப் பக்கம் என்று விசாரித்து வைத்திருந்தாள். மானத்தை வாங்கியவளைத் தேடிப் போவதா என்று என் அம்மா மறித்தாள். அத்தைக்கு அதற்கும் ஒரு படியிறக்கம் இருந்தது. "இப்ப பேசாம விட்டா, அவன் நாளைக்கு அடிச்சாலும் எங்கிட்ட சொல்லமாட்டா. சொல்லலன்னா அடி பழகிப்போவும். பழகிட்டா அப்புறம் யாரு போயி எடுக்குறது?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பையில் கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருந்ததாக அம்மா சொன்னாள். அந்த ஆட்டோக்காரன் நல்ல மனிதன். அத்தை பயந்த எதுவும் நடக்கவில்லை. அவள் போனதால் நடக்கவில்லையா, போகாவிட்டாலும் நடந்திருக்காதா என்பதை எந்த அளவையியலாலும் சொல்ல முடியாது.

இந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். விடுமுறையில் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கத் தேயிலை மலைக்குப் போவேன். அம்மாவுக்கு அடுத்த நிரையில் அத்தை கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள். செடியின் ஓரத்தில் ஒரு துளிரைக்கூட விட மாட்டாள். புதிதாக வந்த பெண்கள் நிறை கூட வேண்டும் என்று மேலே மேலே பறித்துக்கொண்டு ஓடுவார்கள். அத்தை அவர்களைப் பிடித்து நிறுத்துவாள். இன்றைக்கு விட்ட கொழுந்து அடுத்த சுற்றில் முற்றிப்போகும். முற்றினால் கையில் ஒடியாது, காம்போடு இழுக்க வேண்டும். இழுத்தால் செடியின் தலை மேடும் பள்ளமுமாகும். பள்ளத்தில் இருக்கும் துளிருக்கு வெயில் படாது. அப்புறம் அந்தச் செடி இருந்தும் இல்லாததுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கங்காணியே புது ஆட்களை அத்தையின் நிரைக்குத்தான் அனுப்புவார். தேயிலைக்கு முன்னால் நின்று நின்று, உலகத்தையே தேயிலைச் செடி என்று நினைத்துவிட்டாள் என்பது என் முடிவு. கெட்டிக்காரத்தனமான முடிவு என்று அப்போது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

கான் விஷயத்துக்கு வர வேண்டும். வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

லயத்தின் பின்புறம், மண்மேட்டின் அடியில் ஒரு கான் ஓடியது. மேட்டிலிருந்து வழியும் மழைத்தண்ணீரை வாங்கி, முதல் காம்பராவிலிருந்து எட்டாவது வரை கொண்டுபோய், கீழே ஓடையில் விடும். பெரிய மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலிருந்தும் ஒருவர் மண்வெட்டியோடு இறங்கி அவரவர் வீட்டு அகலத்துக்குக் கானைத் தோண்டிச் சுத்தம் செய்வோம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தோண்டும்போது நாம் சும்மா நிற்கக் கூச்சமாக இருக்கும், அவ்வளவுதான்.

என் தம்பிக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை, கதவு போட்ட ஒரு அறை வேண்டும். தப்பான நிபந்தனை இல்லை. ஒரு காம்பராவில் மாமனார், மாமியார் படுத்திருக்க, நடுவில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்திய பெண்கள் எங்கள் லயத்தில் எத்தனையோ பேர், என் அம்மாவும் அதில் ஒருத்தி. இருக்கிற குசினியை அறையாக மாற்றி, புதுக் குசினியைப் பின்னால் கானுக்கு மேலே கட்டுவது என்று தம்பி திட்டம் போட்டான். கானின் மேல் கொங்கிரீட் பலகை போட்டு மூடினால் தண்ணீர் அடியில் ஓடிக்கொள்ளும். ஒன்பது அடி நீளம்தான் மூட வேண்டியிருந்தது. அதற்கு அத்தை குறுக்கே நின்றாள்.

கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். தோட்டக் கமிட்டித் தலைவர் கேட்டதும் அத்தை எழுந்து நின்று சொன்னாள்.

"மூடிட்டா அதுக்கடியில யாரும் மண்வெட்டி போட முடியாதுங்க. அவுங்க வீட்டு மண்ணு கீழ் வீட்டுக்கு வரும். நாலாம் காம்பராக்காரரு சும்மாவே அலுத்துக்கிட்டுத்தான் எறங்குவாரு, அடுத்தவன் மண்ண நான் எதுக்கு அள்ளணும்னு கோழிக்கூட்டக் கொண்டாந்து மேல வச்சிருவாரு. அப்புறம் ஆறாம் காம்பராவுல குளிக்க மறப்புக் கட்டுவாங்க, வயசுப் புள்ளைக இருக்கு, அவுங்களையும் குத்தஞ்சொல்ல முடியாது. அப்புறம் யாரும் கானுல எறங்கமாட்டாங்க. தண்ணிக்கு வழியில்லன்னா அது வீட்டுக்குள்ளதாங்க வரும்."

எல்லோரும் என் தம்பியைப் பார்த்தார்கள். அவன் முகம் செத்துப்போயிருந்தது. நான் எழுந்தேன். எனக்குப் பேச வரும். அதுதான் என் பிழைப்பு. தம்பி கேட்பது ஒன்பது அடி, கோழிக்கூடு யாரும் கேட்கவில்லை, கேட்டால் அப்போது வேண்டாம் என்று சொல்லத் தலைவர் இருக்கிறார், நடக்காத ஒன்றுக்காக நடக்க வேண்டிய கல்யாணத்தை நிறுத்துவதா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்படிப் பேசுறதுக்குப் புஸ்தகத்திலேயே ஒரு பேரு இருக்கு, அத்தை. இது நியாயம் இல்ல, போலி. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறதே இதத்தான்" என்றேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கறிவேப்பிலைக் கதை அவர்களுக்கும் தெரியும்.

அத்தை என்னை ஒரு முறை பார்த்தாள். "நீ படிச்ச புள்ள. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உட்கார்ந்துவிட்டாள். நக்கலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நம்பித்தான் சொன்னாள்.

கல்யாணம் நடந்தது. அத்தைதான் முன்னால் நின்று சமையல் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி தங்கமான பிள்ளை. மூன்று மாதத்தில் நாலாம் காம்பராக்காரர் கோழிக்கூடு வைத்தார். எங்கள் குசினி இருக்கும்போது தலைவரால் அவரை என்ன கேட்க முடியும்? அடுத்த வருடம் ஆறாம் காம்பராவில் குளிக்க மறைப்புக் கட்டினார்கள். மழைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை யாரும் இறங்கவில்லை. எங்கள் வீட்டு அகலத்துக்குத் தோண்டுவதற்கே வழியில்லை, மற்றவர்கள் பெயருக்குக் குனிந்துவிட்டு நிமிர்ந்துகொண்டார்கள். அத்தை மட்டும் ஒற்றையாக, மேல் வீடுகளின் மண்ணையும் கோழிச் சாணத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு மழை அப்படிப் போனது.

தைப் பொங்கலுக்கு நான் போனபோது, அவளும் கானின் மேல் விறகுக் கொட்டில் போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். எங்களை எதிர்த்தவளே கட்டிவிட்டாள் என்றால் எங்கள் மேல் தப்பு இல்லைதானே? நீங்களுமா அத்தை என்று கேலியாகக் கேட்டேன். எட்டு வீட்டு மண்ணை ஒருத்தி அள்ளி முடியவில்லை, விறகும் நனைகிறது என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுடைய வரிசையில் ஒரே ஒரு படி விடுபட்டுப்போயிருந்தது. கடைசியில் தானே அதில் ஒரு ஆளாவோம் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

அந்த வருடக் கடைசி மழையில், ஒருநாள் முற்பகல், மலைக்குப் போனவர்களைத் திருப்பி அனுப்பிய நேரத்தில் பின்மேடு சரிந்தது. சேறு கானில் இறங்கியது. கொட்டிலின் விறகு அதோடு சேர்ந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் புகுந்து, கீழே இருந்த மூன்று காம்பராக்களின் பின்சுவரும் போய்விட்டது. ஆள் சேதம் இல்லை. அத்தை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து வந்து பார்க்கும்போது அவள் வீட்டுக்குள் நின்றால் வானம் தெரிந்தது. லயம் இனி இருக்க ஏற்றதில்லை என்று எட்டுக் குடும்பத்தையும் பாடசாலை மண்டபத்துக்கு அனுப்பினார்கள். நான் பதுளையிலிருந்து போய்ச் சேரும்போது எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாலாம் நாள் ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார். சமதரையில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்போவதாகவும், கானை மறித்துக் கட்டியவர்கள் பெயர் முதல் பட்டியலில் வராது, அவர்களை விசாரித்த பிறகுதான் என்றும் சொன்னார். விசாரித்த பிறகு என்றால் எத்தனை வருடம் என்று எங்கள் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். பின்பக்கத்தைச் சேறு மூடிக்கிடந்ததால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை, கானை அடைத்தது எது என்று அவர் கேட்டார். நாலாம் காம்பராக்காரர் முந்திக்கொண்டார். எட்டாம் காம்பரா விறகுக் கொட்டில்தான், கடைசியாகக் கட்டியது அதுதான், அதுவரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. என் கோயில் வாசல் பேச்சின்படி பார்த்தாலும் சரிதான். ஒவ்வொரு படியும் தனித்தனி, அவரவர் படிக்கு அவரவர் பொறுப்பு, அப்படியென்றால் கடைசிப் படியில் நின்றவள்தான் குற்றவாளி. அத்தை சொன்னது போல எல்லாப் படிகளும் ஒன்றோடொன்று கட்டியவை என்றால், முதல் படி எங்கள் குசினி.

அதிகாரி அத்தையைக் கூப்பிட்டார். அவள் கொட்டில் போடும்போது கானின் மேல் வேறு யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தார்களா என்று கேட்டார். தம்பி பெண்டாட்டி மடியில் எட்டு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். என் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள்.

"மத்ததெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றாள் அத்தை. "கொட்டிலு என்னுதுதான்."

அவர் எழுதிக்கொண்டார். ஊர் முழுக்க நாக்கு நீளம் என்று பேர் வாங்கியவள், ‘இன்னைக்கு இத விட்டா’ என்று வாயைத் திறந்தால் மூட மாட்டாதவள், அங்கே இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாள். நானும் பேசவில்லை. கோயில் வாசலில் கேட்காமலே எழுந்து நின்ற எனக்கு, இங்கே எழுந்து நிற்க முடியவில்லை.

பிறகு குழாயடியில் அவள் தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டேன், அவள்மேல் எனக்கு என்ன கோபம் என்று தெரியவில்லை. அத்தை கழுவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"சொன்னா அவரு எழுதிருவாரு. எழுதுனா ஒன் தம்பி பேரு வராது. வீடு இல்லன்னா அந்தப் புள்ள கொழந்தையத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போவும். அவ அம்மாவ எனக்குத் தெரியும், இந்த மண்டபத்துக்குத் திருப்பி அனுப்பமாட்டா. ஒன் தம்பி வாரத்துக்கு வாரம் போயிப் பாப்பான், அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா போவான். அப்புறம் குடிப்பான். ஒங்கப்பா எப்புடிக் குடிக்க ஆரம்பிச்சாருன்னு நீ பாக்கல புள்ள, நான் பாத்திருக்கேன்."

வழக்கம் போல ஓட்டை தேடினேன். அதுதானே எனக்குத் தெரிந்த வேலை. ஒவ்வொரு படியிலும் ஒரு ஆள் நின்றான். கற்பனை ஆள் இல்லை, அவள் பார்த்துப் பழகிய ஆள். அவரவர் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கானிலும் அப்படித்தான். நாலாம் காம்பராக்காரரின் அலுப்பை, ஆறாம் காம்பராப் பிள்ளைகளின் கூச்சத்தை எல்லாம் தெரிந்துதான் சொன்னாள். போன் விஷயத்தில் மட்டும்தான் தவறினாள். அந்த வரிசையில் அவள் மகள் இல்லை. ஊரில் கேள்விப்பட்ட யார் யாரோ பெண்கள்தான் இருந்தார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடிக்க எனக்கு ஒரு பட்டமும், பன்னிரண்டு வருட வகுப்பும், மூன்று சுவரும் வேண்டியிருந்தது.

"நான் போய் அவருகிட்ட சொல்லட்டா அத்தை?" என்று கேட்டேன்.

"சொல்றவளா இருந்தா அங்கேயே சொல்லியிருப்ப" என்றாள். குத்திக் காட்டவில்லை. நனைந்த பாத்திரத்தை என் கையில் கொடுத்துக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள்.

பட்டியல் ஒட்டினார்கள். அதில் அவள் பெயர் இல்லை. ஒருநாள் காலை பாண் ஆட்டோவிலேயே மருமகன் வந்து அவளை வெலிமடைக்கு ஏற்றிக்கொண்டு போனாராம். அன்றைக்கு எனக்கு வகுப்பு இருந்தது. அந்த வகுப்பில் வழுக்கும் சரிவைப் பற்றி, எடுத்த எடுப்பில் போலி என்று கிழிக்காதீர்கள், ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று கேளுங்கள், பதில் இருந்தால் அது நியாயம்தான் என்று சொன்னேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பரீட்சைக்கு எதை எழுதுவது டீச்சர் என்று கேட்டார்கள்.

தம்பிக்கு வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, கதவு போட்டது. பிள்ளை நடக்கிறது. தம்பி குடிக்கவில்லை. போகும்போதெல்லாம் அங்கே சாப்பிடுகிறேன், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போய் நிற்கிறேன். உடம்புக்கு என்ன என்று அம்மா கேட்கிறாள். அவளுக்குத் தெரியாதா என்ன?

பதுளையிலிருந்து வெலிமடை ஒன்றும் தூரமில்லை. சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறேன். போனால் அத்தை தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்காருவாள். உட்கார்ந்தால், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாள். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவளிடம் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த அதிகாரியிடமும் போய்ச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் தம்பியின் வீடு என்னாகும், அந்தப் பிள்ளை என்னாகும்? இப்படியே நினைத்துக்கொண்டு பஸ் நிலையத்தில் இரண்டு பஸ்சை விட்டுவிட்டு அறைக்குத் திரும்பிவிடுகிறேன்.

இந்த வரிசையையும் ஒவ்வொரு படியாகப் பரிசோதித்துவிட்டேன். ஒரே ஒரு படிதான் பொய். அத்தை கேட்க மாட்டாள்.